தோள் உயரத்தில் ஒரு கல்

நாற்பது கிலோ மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மைல் கணக்கில் நடக்கிறவரால், அதே மூட்டையைத் தரையிலிருந்து தனி ஆளாக எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்ள முடியாது. தூக்கிவிட ஒருவர் வேண்டும். சேர்ந்த இடத்தில் இறக்கிவிடவும் ஒருவர் வேண்டும். வழியில் கழுத்து இற்றுப்போகிறது என்று சுமையைக் கீழே இறக்கினால், அடுத்த வழிப்போக்கர் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பொழுது சாயும் நேரத்தில், ஆளரவமற்ற சாலையில், விறகுக்கட்டோடு போகும் ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய சிக்கல் என்பதை இன்று நாம் யோசித்துத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டின் பழைய சாலைகளில் இந்தச் சிக்கலுக்கு ஒரு விடை நின்றுகொண்டிருந்தது. செங்குத்தாக நட்ட இரண்டு கற்கள், அவற்றின்மேல் படுக்கவைத்த ஒரு பலகைக்கல். உயரம் பெரும்பாலும் நாலு அடிக்கும் ஐந்து அடிக்கும் இடையில். இதுதான் சுமைதாங்கி. இதை அறச்செயலாகவும் நினைவுச் சின்னமாகவும் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்த இரண்டும் உண்மை. ஆனால் அதன் உயரம் ஏன் அந்த உயரம் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டால், விடை வழக்கத்திலும் நம்பிக்கையிலும் கிடைப்பதில்லை, மனித உடலின் கட்டமைப்பில்தான் கிடைக்கிறது. நம் எலும்புகளும் மூட்டுகளும் தசைகளும் நெம்புகோல்களாக வேலை செய்கின்றன. அந்த நெம்புகோல்கள் எந்த நிலையில் தோற்கின்றனவோ, சரியாக அந்த நிலையைத் தவிர்க்கும்படி சுமைதாங்கி அமைந்திருக்கிறது.

நெம்புகோல் என்றதும் சிறிய விசையால் பெரிய பாறையைப் புரட்டும் கடப்பாரைதான் மனதில் வரும். உடலில் இருக்கும் நெம்புகோல்களில் பெரும்பாலானவை அதற்கு நேர்மாறானவை. முழங்கையை எடுத்துக்கொள்வோம். ஆதாரப்புள்ளி முழங்கை மூட்டு. முன்கையை மடக்கும் தசை அந்த மூட்டிலிருந்து ஏறக்குறைய நாலு சென்டிமீட்டர் தள்ளி எலும்பில் பிடித்திருக்கிறது. உள்ளங்கையில் இருக்கும் பளுவோ முப்பத்தைந்து சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆகவே கையில் பத்து கிலோவைப் பிடித்திருக்க, தசை எண்பது கிலோவுக்கும் மேலான விசையோடு இழுக்க வேண்டும். இந்த நட்டத்துக்குக் கிடைக்கும் ஈடு, வேகமும் வீச்சும். தசை சற்றே சுருங்கினால் கை பெரிய வளைவில் பாய்கிறது. கல்லெறியவும், மரமேறவும், ஓடவும் இது நல்ல ஏற்பாடு. மூட்டை தூக்க மோசமான ஏற்பாடு. இதைக் கணக்குப் போட்டு முறையாக நிறுவியவர் இத்தாலியரான ஜொவானி அல்ஃபோன்ஸோ பொரெல்லி. 1608இல் நேப்பிள்ஸில் பிறந்து, பீசாவிலும் மெசினாவிலும் கணிதம் கற்பித்த அவர், 1679ஆம் ஆண்டின் கடைசி நாளில் ரோமில் இறந்தார். விலங்குகளின் இயக்கம் பற்றிய அவருடைய நூல் அவர் மறைந்த பிறகு, 1680-81இல், ஸ்வீடனின் முன்னாள் அரசி கிறிஸ்டினாவின் ஆதரவோடு வெளிவந்தது. இயற்கை சிறிய விசையால் பெரிய பளுவை நகர்த்துகிறது என்று அதுவரை அறிஞர்கள் நம்பியிருந்தார்கள். சுமக்கும் பளுவைப்போலப் பல மடங்கு விசையைத் தசைகள் செலவிடுகின்றன என்று பொரெல்லி காட்டினார். அவர் எடுத்துக்கொண்ட உருவங்களில் ஒன்று முதுகை வளைத்துப் பாரம் சுமக்கும் கூலியாள் என்பது தற்செயலாக இருக்க முடியாது. இத்தாலியத் துறைமுக நகரங்களில் வாழ்ந்தவருக்கு அந்த உருவம் அன்றாடக் காட்சியாக இருந்திருக்கும்.

பொரெல்லியின் வழியிலேயே தலைச்சுமையைப் பார்ப்போம். தரையில் கிடக்கும் முப்பது கிலோ மூட்டையைக் குனிந்து எடுக்கும்போது ஆதாரப்புள்ளி இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்பின் கடைசி வட்டில் விழுகிறது. மூட்டை அதிலிருந்து நாற்பது சென்டிமீட்டர் முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். முன்னால் சாய்ந்த உடலின் மேற்பகுதியே இன்னொரு முப்பது கிலோ. அதன் மையம் இருபத்தைந்து சென்டிமீட்டர் முன்னால் இருக்கும். இவ்விரண்டையும் பின்னாலிருந்து இழுத்து நிறுத்த வேண்டிய முதுகுத் தசைகளுக்கு வட்டின் மையத்திலிருந்து கிடைப்பது ஐந்து சென்டிமீட்டர் அளவுள்ள கைதான். கணக்குப் போட்டால் தசைகள் நானூறு கிலோவை ஒட்டிய விசையைத் தர வேண்டும் என்று வருகிறது. அந்த விசை முழுவதும் வட்டை நசுக்குகிறது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு, உடல்நல நிறுவனமான நையாஷ் 1981இல் கீழ்முதுகு வட்டுக்குக் குறித்த எச்சரிக்கை எல்லை 3400 நியூட்டன், ஏறக்குறைய 350 கிலோ. இப்போது அதே முப்பது கிலோ தலைக்கு மேல் இருக்கிறது. பளுவின் கோடு மண்டையோடு, கழுத்து, முதுகெலும்பு, இடுப்பு என்று நேராக இறங்குகிறது. முன்னால் நீட்டிய கை என்று ஒன்றும் இல்லை. கீழ்முதுகு வட்டின்மேல் வருவது மூட்டையின் எடையும் மேலுடலின் எடையும் சேர்ந்த அறுபது கிலோவும், நடையின் ஆட்டத்தைச் சமாளிக்கும் தசைகளின் சிறு இழுப்பும்தான். தலையில் சுருட்டி வைக்கும் துணியான சும்மாடு செய்யும் வேலையும் இங்கே விளங்குகிறது. அது உச்சந்தலைக்கு மெத்தை போலப் பயன்படுவதோடு, உருண்டையான மண்டையின்மேல் சுமை ஒரே இடத்தில் நிற்க அகலமான தளத்தைத் தந்து, பளுவின் கோட்டை முதுகெலும்பின் கோட்டோடு சேர்த்து வைக்கிறது. ஆகத் தலைச்சுமைப் பயணத்தின் இயந்திரவியல் இரண்டு பகுதிகளாகப் பிரிகிறது. நடப்பது தாங்கக்கூடியது. தலைக்கு ஏற்றுவதும் தலையிலிருந்து தரைக்கு இறக்குவதும் உடலை ஒடிப்பது.

தோள் உயரத்தில் கல் இருந்தால் இரண்டாம் பகுதி முழுவதுமே மறைந்துவிடுகிறது. சுமையோடு வருகிறவர் கல்லை ஒட்டி நிற்கிறார். முழங்காலைச் சற்றே மடித்து, தலையைச் சாய்த்து, கைகளால் சுமையைப் பலகைக்கல்லின்மேல் தள்ளுகிறார். சுமை இறங்கும் தூரம் ஒரு சாண், மிஞ்சினால் ஒரு முழம். முதுகு நிமிர்ந்தே இருக்கிறது. திரும்ப எடுக்கும்போது தலையைக் கொடுத்து, முழங்காலை நிமிர்த்தினால் போதும். இதில் முழங்காலின் பங்கு கவனிக்கத்தக்கது. குந்திய நிலையில் உடலின் எடைக்கோடு முழங்கால் மூட்டிலிருந்து வெகுவாக விலகியிருக்கிறது. தொடைத் தசையோ முழங்காற்சில்லின் உதவியோடு சில சென்டிமீட்டர் கைநீளத்தில்தான் இழுக்கிறது. கால் நிமிர நிமிர அந்த விலகல் குறைந்துகொண்டே வந்து, முழுதும் நிமிரும்போது ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போகிறது. அதாவது நிமிர்வதற்குக் கடைசி ஒரு சாண் எஞ்சியிருக்கும்போதுதான் நம் கால்கள் மிகப் பெரிய பளுவைத் தூக்க வல்லவை. சுமைதாங்கி தன்னைப் பயன்படுத்துகிறவரிடம் அந்த ஒரு சாணை மட்டுமே கேட்கிறது. அதனால்தான் தனி ஆளால் முடிகிறது. சாலையில் தனியாகப் போகும் உரிமையை அந்தக் கல் ஏழைக்குக் கொடுத்தது என்று சொன்னால் மிகையாகாது.

இதற்கு எதிராக ஒரு கேள்வி உடனே எழும். சுமைதாங்கி கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக அவளுடைய குடும்பத்தார் நட்ட கல். வயிற்றுச் சுமையை இறக்காமல் போனவளின் ஆவி, மற்றவர்கள் சுமை இறக்கக் கண்டு ஆறும் என்பது நம்பிக்கை. இதில் இயந்திரவியலைத் தேடுவது நம்முடைய காலத்தின் கண்ணாடியை அவர்களுக்கு மாட்டுவது ஆகாதா? நம்பிக்கையை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. கட்டியவர் பெயரும் ஆண்டும் பொறித்த கற்கள் அதற்குச் சான்று. யாழ்ப்பாணத்திலும் இதே வழக்கம் இருந்தது. அங்கே சாலையோரத்தில் மடம், கேணி, மாடுகள் உரசிக்கொள்ள ஆவுரஞ்சிக்கல் ஆகியவற்றோடு ஒரு தொகுதியாகச் சுமைதாங்கி நின்றது. ஆனால் நம்பிக்கை விளக்குவது கல் ஏன் நடப்பட்டது என்பதை. அது ஏன் மூன்றடியாகவோ ஏழடியாகவோ இல்லை என்பதை நம்பிக்கையால் விளக்க முடியாது. நினைவுக்கு மட்டும் நட்ட கல் எந்த உயரத்திலும் நிற்கலாம். நடுகற்கள் பல உயரங்களில் நிற்கின்றன. சுமைதாங்கி சுமை இறக்கப் பயன்பட்டால்தான் இறந்தவளுக்கு ஆறுதல் என்பதால், நம்பிக்கையே கல்லை உடலின் அளவுக்குக் கட்டுப்படுத்தியது. ஒரு சமூகம் சாலை வசதிக்கு நிதி திரட்டும் வழியாகத் துயரத்தை மாற்றிக்கொண்டது என்றும் இதைப் பார்க்கலாம். வரி விதிக்கும் அரசு செய்யாத வேலையைத் துக்கம் காத்த குடும்பம் செய்தது.

அந்தத் துயரத்துக்குள்ளேயே ஒரு நெம்புகோல் கணக்கு இருப்பது என்னை வியக்க வைக்கிறது. கரு வளரும்போது பெண்ணுடலின் எடை மையம் முன்னால் நகர்கிறது. குனிந்து மூட்டை எடுப்பவர் சில நொடிகள் அனுபவிக்கும் அதே முன்சாய்வுப் பளுவை அவள் மாதக்கணக்கில் அனுபவிக்கிறாள். இடுப்பைப் பின்னுக்கு வளைத்து அந்த மையத்தை மீண்டும் கால்களுக்கு நேராகக் கொண்டுவருகிறாள். 2007இல் நேச்சர் இதழில் கேத்தரின் விட்கம், லிசா ஷப்பிரோ, டேனியல் லீபர்மன் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு, கீழ்முதுகின் இந்த வளைவு ஆண்களுக்கு இரண்டு முள்ளெலும்புகளிலும் பெண்களுக்கு மூன்றிலும் பரவியிருப்பதாகக் காட்டியது. இரண்டு காலில் நிமிர்ந்து நடக்கத் தொடங்கிய மனித இனத்தின் பெண்கள் கருச்சுமையைத் தாங்கும்படி இந்த மாற்றம் வந்தது என்பது அவர்கள் வாதம். கருச்சுமையையும் தலைச்சுமையையும் ஒரே கல்லில் சேர்த்தவர்கள் இதைக் கணக்காக அறிந்திருக்க முடியாது. ஆனால் இரண்டு சுமையையும் தன் உடலில் சுமந்தவர்கள் பெரும்பாலும் ஒரே பெண்கள்தான். அந்த இணைப்பு அவர்களுடைய அனுபவத்திலிருந்து வந்தது என்றே நான் கருதுகிறேன்.

உடலே அளவைத் தீர்மானித்தது என்ற வாதத்துக்கு வலுவான சான்று நமக்கு வெளியே இருக்கிறது. தமிழ் வழக்கத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத இடங்களிலும் இதே பொருள் தோன்றியிருக்கிறது. பிரான்சின் அல்சாஸ் பகுதியில், 1811இல் நெப்போலியனுக்கு மகன் பிறந்ததையொட்டி, மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்த அத்ரியான் த லெசே-மார்னேசியா சாலையோரங்களில் மணற்கல் இருக்கைகளை அமைக்கச் செய்தார். 1854இல் மூன்றாம் நெப்போலியனின் திருமண ஆண்டு நிறைவையொட்டி அதே போன்றவை மேலும் நூற்றுக்கணக்கில் எழுந்தன. கீழே உட்கார ஒரு பலகைக்கல். அதற்கு மேலே, இரண்டு தூண்களில் தாங்கிய ஒரு குறுக்குக்கல். சந்தைக்குத் தலையில் கூடை சுமந்து போன கிராமத்துப் பெண்கள் சுமையை மேற்கல்லில் வைத்துவிட்டுக் கீழே உட்கார வேண்டும் என்பதற்காகவே அந்த அமைப்பு. ஒளிப்படத்தில் பார்த்தால் திருவண்ணாமலைப் பக்கத்துக் கல்தான் என்று சொல்லத் தோன்றும். லண்டனின் பிக்கடில்லி சாலையில், ஷ்ரூஸ்பரி தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஆர். ஏ. ஸ்லேனியின் யோசனைப்படி, 1861இல் சுமைகூலிகளுக்காக இரும்புத் தூண்களின்மேல் தோள் மட்டத்தில் ஒரு மரப்பலகை வைக்கப்பட்டது. அல்சாஸில் அரச குடும்பத்தின் மகிழ்ச்சி, லண்டனில் நகராட்சியின் கருணை, தமிழ்நாட்டில் ஒரு வீட்டின் சாவு. காரணங்கள் மூன்று. பொருளும் உயரமும் ஒன்று.

சுமக்கும் முறை மாறிய இடத்தில் உயரமும் மாறியிருப்பது இன்னும் அழுத்தமான சான்று. நேபாள மலைப்பாதைகளில் கூடையை முதுகில் வைத்து, அதைத் தாங்கும் பட்டையை நெற்றியில் மாட்டிச் சுமப்பார்கள். அங்கே ஆலும் அரசும் நட்ட சௌதாரா எனும் கல்மேடைகள் உண்டு. அவற்றின் விளிம்பு, நின்றபடியே முதுகுக் கூடையின் அடிப்பகுதியை வைக்க ஏற்ற உயரத்தில், நம் கல்லைவிடத் தாழ்ந்திருக்கிறது. மேடை இல்லாத இடத்தில் ஓய்வெடுக்கக் கூலிகள் கூடைக்கடியில் முட்டுக்கொடுக்கும் குட்டையான தடி ஒன்றைக் கையோடு கொண்டுபோகிறார்கள். நம் ஊரிலேயே காவடித்தண்டைப் பாருங்கள். தோளை ஆதாரப்புள்ளியாகக் கொண்டு இரு பக்கமும் சமமாகப் பளு தொங்கும் முதல்வகை நெம்புகோல் அது. கயிறுகள் நீளமாக இருப்பதால் சுமை தரையை ஒட்டியே தொங்குகிறது. தண்டைத் தோளில் கொடுத்து முழங்காலை நிமிர்த்தினால் சுமை எழும்பிவிடும். மடித்தால் தரையில் உட்காரும். இறக்கி ஏற்றும் சிக்கலைக் கயிற்றின் நீளமே தீர்த்துவிடுவதால் காவடிக்குச் சுமைதாங்கி தேவைப்படுவதில்லை. கேரளத்தில் தலைச்சுமை இருந்தது. அங்கே சுமைதாங்கிக்கு இணையான அத்தாணி இருக்கிறது, அந்தப் பெயரில் ஊர்களே இருக்கின்றன. வேலூர்ப் பக்கத்தில் சுமைதாங்கி என்றே ஓர் ஊர் உண்டு.

இன்னொரு மறுப்பு அறிவியல் பக்கத்திலிருந்து வரும். தலைச்சுமை உடலுக்கு உகந்தது என்று இந்த வாதம் மறைமுகமாகச் சொல்கிறதா? 1986இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, கென்யாவின் லுவோ இனப் பெண்கள் தலையிலும் கிகுயு இனப் பெண்கள் நெற்றிப் பட்டையிலுமாகத் தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை சுமந்தும் கூடுதல் ஆற்றல் செலவழிக்கவில்லை என்று அறிவித்தபோது பலர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். 2010இல் ரே லாய்டு குழுவினர் வெளியிட்ட ஆய்வில் அந்தச் சலுகை எல்லோருக்கும் கிடைப்பதாகத் தெரியவில்லை. ஆளுக்கு ஆள் வேறுபாடு அதிகம், கழுத்து வலியும் உண்டு. தலைச்சுமைத் தொழிலாளர்களின் கழுத்து முள்ளெலும்புகள் தேய்வதையும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இடுப்பைக் காப்பாற்றும் அதே நேர்கோடு கழுத்தை நசுக்குகிறது. கழுத்து நாலைந்து கிலோ எடையுள்ள தலையைத் தாங்கிச் சுழலவே அமைந்த இடம். கழுத்தின் ஏழு முள்ளெலும்புகளும் கீழ்முதுகினவற்றைவிட மிகச் சிறியவை. ஆகவே சுமைதாங்கி இருந்ததைத் தலைச்சுமைக்குக் கிடைத்த நற்சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அடிக்கடி இறக்கியாக வேண்டிய சுமை என்பதற்கான ஒப்புதல் அது. தாங்கக்கூடிய சுமைக்கு வழிநெடுகத் தாங்கி எதற்கு?

மாட்டு வண்டியும் பொதிமாடும் இருந்த நாட்டில் மனிதத் தலை எதற்கு என்றும் கேட்கலாம். வண்டி வைத்திருந்தவர் தலையில் சுமக்கவில்லை என்பதுதான் பதில். வரப்பிலும் ஒற்றையடிப் பாதையிலும் சக்கரம் உருளாது. அதைவிட முக்கியமாக, வண்டி வாங்கும் வசதியில்லாதவரின் ஒரே முதல் அவருடைய முதுகெலும்பு. யார் சுமந்தார்கள் என்பதைச் சாதியும் பாலினமும் தீர்மானித்தன. எல்லாச் சாலையும் எல்லோருக்கும் திறந்திருக்கவும் இல்லை. 1924இல் வைக்கத்தில் நடந்த போராட்டம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்காகவே நடந்தது. சுமைதாங்கியைக் கொண்டாடும்போது இதை மறந்தால், கல்லை நினைவில் வைத்து ஆளை மறந்தவர்கள் ஆவோம். கல் நோவைக் குறைத்தது. சுமக்க வேண்டிய நிலையை அது மாற்றவில்லை.

பேருந்தும் சைக்கிளும் தார்ச்சாலையும் வந்த பிறகு கற்களின் வேலை முடிந்தது. சாலையை அகலப்படுத்தும்போது பல பெயர்த்தெறியப்பட்டன. சில வேலியோரத்தில் சாய்ந்து கிடக்கின்றன, சிலவற்றில் சுவரொட்டி ஒட்டுகிறார்கள். ஆனால் தலையிலும் முதுகிலும் சுமக்கும் தொழில் முடியவில்லை. அரிசி மண்டிகளிலும் காய்கறிச் சந்தைகளிலும் சுமைதூக்கும் தொழிலாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். அங்கே நடப்பதைக் கவனித்தால் பழைய கல்லின் உயரம் வேறு பெயரில் பிழைத்திருப்பது தெரியும். லாரியின் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய நாலு அடி. தொழிலாளி அதற்கு முதுகைக் காட்டி நிற்க, மேலே இருப்பவர் மூட்டையைச் சரித்துவிடுகிறார். நிமிர்ந்த முதுகு, சற்றே மடிந்த முழங்கால். லாரியிலிருந்து இறக்கும்போது உடல் தப்பித்துக்கொள்கிறது. அடுக்கின் அடி வரிசையில், தரையோடு தரையாகக் கிடக்கும் மூட்டையை எடுக்கும்போதுதான் இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

சட்டங்கள் இந்த வேறுபாட்டை வெகுநாள் கவனிக்கவில்லை. கேரளம் 1978இலும் தமிழ்நாடு 1982இலும் சுமைதூக்குவோர் உள்ளிட்ட உடலுழைப்பாளர்களுக்காகச் சட்டம் இயற்றின. அவை கூலிக்கும் நலவாரியத்துக்கும் வழி செய்தன, அது பெரிய வெற்றி. 1967இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட பரிந்துரை, வளர்ந்த ஆண் தொழிலாளி சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்றது. எண்ணப்பட்டது எடை மட்டுமே. அந்த 55 கிலோ தரையில் கிடக்கிறதா, மார்பளவு மேடையில் இருக்கிறதா என்பது கேட்கப்படவில்லை. நையாஷ் 1981இல் வெளியிட்டு 1991இல் திருத்திய சூத்திரம்தான் அதைக் கேட்டது. அதன்படி உகந்த நிலையில்கூட உச்ச எடை 23 கிலோ. சுமை கணுக்காலிலிருந்து 25 சென்டிமீட்டருக்கு மேல் முன்னால் விலக விலக அந்த எடை குறைகிறது. தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து மேலேயோ கீழேயோ போகப் போகவும் குறைகிறது. நம் கிடங்குகளில் இந்தச் சூத்திரத்தை நடைமுறைக்குக் கொண்டுவரப் பெரிய இயந்திரங்கள் வேண்டியதில்லை. மூட்டை அடுக்குகளைத் தரையிலிருந்து தொடங்காமல், தொடையளவு உயரமுள்ள மேடையிலிருந்து தொடங்கினால் அடி வரிசைக்குக் குனிய வேண்டிய தேவை இல்லாமல் போகும். செங்கல்லும் சிமெண்டும் கொண்டு ஒரு நாளில் கட்டிவிடக்கூடிய மேடை அது. அதை யார் கட்டித்தருவது என்பது மண்டி உரிமையாளரும் தொழிற்சங்கமும் நலவாரியமும் பேசித் தீர்க்க வேண்டிய செலவுக் கணக்கு. அந்தப் பேச்சில் கிலோவுக்குப் பக்கத்தில் அடிக்கணக்கும் இடம்பெற வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்கத் தொடங்க வேண்டும்.